ஒரு கரண்டி விஸ்கி

கர்ட்லாண்ட், 1833 பிப்ரவரி 4

ஊர்ச் சாராய ஆலையை மூடிவிட்டார்கள். மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள் நாங்கள் கைதட்டிவிட்டு வீடு திரும்பினால், என் வீட்டுக்காரர் ஹார்மன் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஜாடி விஸ்கி வாங்கி வைத்திருக்கிறார்.

"உங்க சங்கம் எங்க மோர்மன் சபையைப் பாத்துச் சிரிக்கிற சங்கம். அவங்க சொல்லி நான் விடணுமா?"

மூன்று வருஷமாகக் கெஞ்சுகிறேன்.

மார்ச் 5

அவருடைய சபைத் தீர்க்கதரிசிக்குக் கடவுளிடமிருந்து வெளிப்பாடு வந்ததாம்: மது ஆகாது, புகையிலை ஆகாது. ஹார்மன் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தன் புகைக்குழாயை அடுப்பில் எறிந்தார். ஜாடியைப் பனியில் கவிழ்த்தார். நான் சந்தோஷப்பட வேண்டாமா? ஏன் இப்படி எரிகிறது? நான் சொன்னதும் இதைத்தானே!

மார்ச் 7

அவருக்குக் கை நடுங்குகிறது. ரொட்டி உள்ளே இறங்கவில்லை.

மார்ச் 8

சுவரெல்லாம் எலி என்று கத்துகிறார். ஒரு எலியும் இல்லை. வைத்தியர் வந்து பார்த்தார். "இருபது வருஷக் குடிம்மா. ஒரேயடியா நிறுத்தினா உசிருக்கே ஆபத்து. கொஞ்சமா குடுத்துக் குறைச்சுக்கிட்டே வாங்க."

ஹார்மன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "செத்தாலும் தொடமாட்டேன்."

செத்தாலுமா? அப்போ நான்?

மார்ச் 9

விஸ்கி வாங்க மதுவிடுதிக்கு நானே போனேன் — குடியை ஒழிப்பேன் என்று கையெழுத்துப் போட்டவள். வாசலில் சங்கச் செயலாளர் ராக்சானா.

"லொவீனா, நீயா? பட்டப்பகல்ல?"

"ஆமா, நான்தான்."

விஸ்கியில் இஞ்சியும் பாகும் கலந்து, கஷாயம் என்று பொய் சொல்லி, ஒரு கரண்டி கொடுத்தேன். குடித்தார். நடுக்கம் அடங்கித் தூங்கினார்.

மார்ச் 16

சங்கத்தில் என் பெயரை அடித்துவிட்டார்கள். ராக்சானா நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 29

ஒரு வாரமாகக் கஷாயத்தில் இஞ்சி மட்டும்தான். இன்று விறகு பிளந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"என்னங்க, அந்தக் கஷாயத்துல..."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"முதல் கரண்டியிலயே. இது இருபது வருஷம் குடிச்ச நாக்குடி." கோடரியை வைத்துவிட்டுக் குனிந்துகொண்டார். "பொழைக்கணும்னு இருந்துச்சு. உன்கிட்ட கேக்கத்தான் வாய் வரல."

ஜூன் 2

சூடான பானம் எதுவும் கூடாதென்று வெளிப்பாட்டில் இருக்கிறதாம். தேநீரும் அதில் சேர்த்தி என்று சபையில் பேச்சு. மாலையில் எனக்கு மட்டும் ஒரு கோப்பை ஊற்றினேன். பார்த்தார். எழுந்துபோய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, தண்ணீர்க் கோப்பையோடு என் எதிரே உட்கார்ந்தார்.