ஆகாத குழி

எடப்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை நித்யஸ்ரீ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். தனியாகப் பேசினாலும் எனக்கு வாய் வராது என்பது உனக்கே தெரியும். விடுப்பு முடிந்து ராய்ப்பூர் திரும்பும் உங்கள் வண்டி டிரைவர் கண்ணுசாமி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்.

ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோம்பி சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டாயிற்று. அம்மா தினமும் விடியலில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறாள். நம் எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. குப்பாயி அத்தையின் எருமைக்குக் கன்று செத்துப் பிறந்தது.

போன வருடம் நீ உன் முதலாளியின் ரிக் வண்டியைக் கொண்டுவந்து நம் காட்டில் போர் போட்டாயே, எவ்வளவு ஆழம் போயும் மாவு மாதிரிப் புழுதிதான் வந்தது. கம்ப்ரசர் காற்று உள்ளே போகப் போக, வரப்புக்கு அந்தப்புறம் அத்தையின் கிணறு குமிழி விட்டது. அத்தை ஓடிவந்து, "ஏஞ்சாமி, உங்க ஊட்டுக் குழி தின்னா எங்க கிணத்துக்கு ஏப்பம் வருதே!" என்றதும் எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை. அடியில் ஒரு பாறை வெடிப்பு கிணறு வரைக்கும் போகிறது என்று அப்பாவிடம் சொன்னாய். அப்பா காதில் வாங்கிக்கொண்டார்.

நீ போன பிறகு நவநீதகிருஷ்ணன் என்று ஒருவர் வந்தார். சாயப்பட்டறைக்காரர். செருப்பை வாசலிலேயே கழற்றினார். அம்மா கொடுத்த மோரை மிச்சம் வைக்காமல் குடித்தார். "உங்களுக்கு ஆகாத பொருளைத்தானுங்க கேக்கறேன். அந்தக் குழி சும்மாதானுங்களே கெடக்குது" என்றார். நிலம் வேண்டாம், பத்திரம் வேண்டாம், பட்டறைக் கழிவுக்கு அந்த ஓட்டை போதுமாம். அப்பா முடியாது என்றுதான் சொன்னார். வந்தவர் கோபப்படவில்லை. அடுத்த முறை வந்தபோது உன் பெயரைச் சொன்னார். பையன் எத்தனை காலம் அடுத்தவன் வண்டியில் கூலிக்கு நிற்பான் என்று கேட்டார். யாருக்கு எது வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் குழியின் மூடியை அவரே கழற்றினார்.

நீ இப்போது பங்குதாரனாக இருக்கிற வண்டி, அப்பா உன்னிடம் சொன்னதுபோல் தென்னை விற்ற காசில் வந்ததல்ல அண்ணா. எனக்கும் பட்டறை லேபில் வேலை தருகிறேன் என்கிறார் நவநீதகிருஷ்ணன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் இருக்கிறேனே என்று எனக்கும் ஆசை வந்தது. இன்னும் பதில் சொல்லவில்லை.

கழிவு கொண்டுவருகிற டேங்கர் லாரியில் 'குடிநீர்' என்று எழுதியிருக்கிறது. நாம் விலைக்குத் தண்ணீர் வாங்குவதாக ஊரே நினைக்கிறது. பாவம் தம்பி வீடு என்று அத்தை தினமும் ஒரு குடம் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நம் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் தலை மறைந்ததும் அம்மா அதை வாழை மரத்தடியில் கொட்டுகிறாள். அந்த வாழை இப்போது கருகி நிற்கிறது.

கம்பம் நட்ட அன்று அப்பா அம்மாவிடம், "அக்கா கிணத்துத் தண்ணிய ஆத்தாளுக்கு ஊத்தாத. கடையில கேன் வாங்கிக்க" என்றார். அம்மா கேன் தண்ணீரை ஊற்றுவதைப் பார்த்த அத்தை, "அடேங்கப்பா, எந்தம்பி பொண்டாட்டி பணக்காரி ஆயிட்டா! ஆத்தாளுக்கே கேன் தண்ணியா?" என்று கேலி செய்தாள். அம்மா குனிந்துகொண்டாள். அத்தைக்குக் கையெல்லாம் தோல் உரிகிறது. ஆத்தாளுக்குத்தான் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கிணற்றிலிருந்தே தினமும் இன்னொரு குடம் கூடுதலாக ஊற்றுகிறாள்.

நேற்று அத்தை வந்திருந்தாள். தான் கொண்டுவந்த குடத்திலிருந்தே ஒரு டம்ளர் மொண்டு, "மூஞ்சி வாடிக் கெடக்குது, குடி சாமி" என்று என்னிடம் கொடுத்தாள். மறுக்கத் தெரியவில்லை. உதட்டில் வைத்தேன். அப்பா பாய்ந்து வந்து தட்டிவிட்டார். டம்ளர் திண்டில் பட்டு உருண்டது. அத்தை திகைத்து நின்றாள். ஈ விழுந்திருந்தது என்றார் அப்பா. அத்தை சிரித்துவிட்டு வேறு டம்ளர் மொண்டாள். எனக்கு வேண்டாம் என்றதும் அவளே அண்ணாந்து குடித்தாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், அண்ணா. இந்த முறை அவர் கை எழவில்லை.

குழியை அடைக்கத் தெரிந்தவன் நம் வீட்டில் நீ ஒருவன்தான். நோம்பி முடிந்து கம்பம் பிடுங்குவதற்குள் வந்துவிடு. வந்தால் உன் வண்டிப் பங்கு போகும். தெரிந்தேதான் கூப்பிடுகிறேன். வேலைக்கு வரமாட்டேன் என்று நானும் சொல்லிவிடுகிறேன்.

அத்தையிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் வரப்பு வரைக்கும் போகிறேன். "வா சாமி" என்று அவள் கூப்பிட்டதும் திரும்பிவிடுகிறேன். நீ வராவிட்டாலும் ஒருநாள் திரும்பாமல் போவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கே போர் போடும்போது பக்கத்துக் கிணறு குமிழி விட்டால், அது யார் வீட்டுக் கிணறு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

உன் வரவை எதிர்பார்க்கும் தங்கை,
நித்யஸ்ரீ