இரண்டாவதாகக் கேட்டவர்

பிப்ரவரி 4

என் விலைராணிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அந்த ஊரில் வேலை, ஹாஸ்டல் என்று போனதிலிருந்து நம் கடையில் ஒரு பழைய சைக்கிள்கூட விற்கவில்லை. நெட்டில் ஏலத்துக்குப் போட்டால் ஈ காக்கை எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு வண்டியைச் சரி பண்ணத் தெரிகிறது, விலை வைக்கத் தெரியவில்லை. ஐயாயிரத்தில் ஆரம்பிப்பது அதிகமா?

இன்னொன்று, திட்டாதே. உன் பச்சை லேடீஸ் சைக்கிளையும் ஏலத்தில் விடலாமா? விலைபோகக்கூடியது இப்போது அது ஒன்றுதான். நீ இல்லாமல் அது சுவரோரம் நிற்பதைப் பார்க்கவும் எனக்குச் சகிக்கவில்லை.

உன் மெக்கானிக்


பிப்ரவரி 11

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

ஐயாயிரமா? யானை விலை குதிரை விலை சொன்னால் யார் வருவார்கள்? ஐந்நூறில் ஆரம்பியுங்கள். குறைந்த விலையைப் பார்த்து நாலு பேர் உள்ளே வருவார்கள், அவர்களுக்குள் போட்டி வரும், விலை தானாக ஏறும். செயின் இருக்கும் பக்கமாகப் படம் எடுங்கள். பழைய பெயிண்ட் மேல் புதுப் பெயிண்ட் அடித்தீர்களோ, தொலைந்தீர்கள். சீட்டுத் தோல் வெடித்திருப்பதையும் படம் எடுத்துப் போடுங்கள். குறையை நாமே சொன்னால்தான் மற்றதை நம்புவார்கள்.

பச்சை வண்டியை விற்பதில் எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் மச்சான் பெயரில் நீங்களே ஏலத்தில் புகுந்து விலையை ஏற்றும் வேலை மட்டும் கூடாது. போன வருடம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அதைக் கண்டுபிடித்து வாசலில் வந்து நின்றாரே! உங்களையா கேட்டார்? என்னைத்தான் கேட்டார்: "ஏலப் பக்கத்துல நீங்க எழுதினதை நம்பித்தானேம்மா வாங்கினேன்?" நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. மறுநாள்தான் நான் பெட்டியைக் கட்டினேன்.

இந்த ஒரு ஏலத்தை நேராக நடத்திக் காட்டுங்கள், வீட்டுக்கு வந்துவிடுகிறேன். எனக்கும் இங்கே இருப்புக்கொள்ளவில்லை.

இப்போதைக்கு, உங்கள் விலைராணி


மார்ச் 2

என் விலைராணிக்கு,

நீ சொன்னது சொன்னபடி பலித்துவிட்டது! ஐந்நூறில் ஆரம்பித்தேன், ஒன்பது பேர் வந்தார்கள். கடைசி நாளில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் விடாக்கண்டன் என்றால் மற்றவர் கொடாக்கண்டன். நூறு நூறாக ஏற்றி, நாலாயிரத்துச் சொச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ஆனால் ஜெயித்த ஆள் பணம் கட்டாமல் கைவிரித்துவிட்டார். இந்தக் காலத்தில் யாரைத்தான் நம்புவது? இரண்டாவதாகக் கேட்டவருக்கே, அவர் கடைசியாகக் கேட்ட விலைக்குத் தருகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். யாரோ ஒரு நர்ஸ். அப்பாவி போலிருக்கிறது, கட்டாயம் எடுத்துக்கொள்வார்.

எல்லாம் நேராகத்தான் நடந்தது, உன் மேல் சத்தியம். வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டேன். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது, நான் வந்து நிற்கிறேன்.

உன் மெக்கானிக்


மார்ச் 9

விற்பவருக்கு,

அந்த நர்ஸ் என் அறைத்தோழி. அவள் பெயரில் ஏலம் கேட்டது நான்தான்.

பச்சை வண்டியை யாரோ கொண்டுபோக என் மனசு ஒப்பவில்லை. நாலு பேரைப்போல நானும் கேட்டு, உரிய விலை கொடுத்து வாங்க நினைத்தேன். வாங்கியவர் நேரில் வந்து எடுத்துக்கொள்வார் என்று எழுதிவிட்டு, நானே பெட்டியோடு கடை வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பது திட்டம். அப்போது நீங்கள் விழிக்கப்போகும் முழியைச் சொல்லிச் சொல்லி அவளோடு சிரித்தேன்.

நான் ஏற்ற ஏற்ற, எதிரே இருந்தவரும் ஏற்றினார். பழகிய கையாகத் தெரிந்தது. இருக்காது, இந்த முறை இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே போனேன். கையில் இருந்தது அவ்வளவுதான் என்று ஆனதும் நின்றுவிட்டேன். பிறகு உங்கள் செய்தி வந்தது. "அடியே, ஜெயிச்சவன் ஓடிட்டானாம், வண்டி உனக்குத்தான்!" என்று அவள் குதித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டதே! அதற்கு என் மேலேயே சத்தியம் வேறு.

பணம் கட்டிவிட்டேன். நேரில் வருவதாக இல்லை. சைக்கிளைப் பார்சலில் அனுப்பிவையுங்கள்.

வாங்கியவர்


ஏப்ரல் 6

என் ராணிக்கு,

இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. இதையாவது படி.

பேராசை இல்லை, நம்பு. கடைசி நாள் மதியம் விலை இரண்டாயிரத்தில் வந்து நின்றுவிட்டது. உன் வண்டி அவ்வளவுக்குத்தானா என்று மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை என்றுதான் மச்சான் பெயரில் கை வைத்தேன். எதிரே இருந்தவர் விடாமல் ஏறினார். உன் வண்டி மேல் இவ்வளவு ஆசைப்பட ஒருவர் இருக்கிறாரே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பி அனுப்பினேன். நீ மறுபடியும் எனக்கே அனுப்பிவிட்டாய்.

நேற்று ஏலப் பக்கத்தில் வாங்கியவரின் கருத்து என்று ஒன்று வந்திருந்தது. கை துடைக்காமல் ஓடிப்போய்த் திறந்தேன். 'வண்டி படத்தில் உள்ளபடியே வந்து சேர்ந்தது. நன்றி.' ஐந்து நட்சத்திரமும் போட்டிருக்கிறாய்.

அதன் கீழே விற்றவர் பதில் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதையெல்லாம் எப்போதும் நீதானே எழுதுவாய்?

உன் மெக்கானிக்