கரண்டு போன டிவியின் முன்னால்

மச்சான்,

நீங்கள் அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. மைமூனை அழைத்துக்கொண்டு ஏழு மணி பஸ்ஸில் மகாபலிபுரம் போகிறேன். கடற்கரைக்குத்தான். இன்று ஒரு நாள் பள்ளிக்கூடம் வேண்டாம்.

சோறு பானையில் இருக்கிறது. நெத்திலிக் குழம்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று உங்களிடம் பொய் சொன்னேன். நம் பிள்ளை சந்தோஷமாகப் படம் பார்த்துவிட்டு வந்தாள் என்றேன். உண்மையில், தையலை முடிப்பதற்காக அவளை எதிர்வீட்டு வசந்தாவின் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்திலேயே கரண்டு போய்விட்டதாம். மற்றப் பிள்ளைகள் ஏரிக்கரைக்கு விளையாட ஓடிவிட்டார்கள். நான் போனபோது இவள் மட்டும் அந்த இருட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, இங்கியே குந்திகினு கீற?" என்றேன்.

"நீ வர்ற வரிக்கும் எழுந்துக்காதன்னு நீதானம்மா சொன்ன?"

போன வருஷம் தனியாக ஏரிக்குப் போய் நத்தை பொறுக்கி வந்தவள் இவள். அன்றைக்கு விளக்குமாற்றால் அடித்தது நான். தடுக்க வந்த உங்களையும், "பொட்டப் புள்ளைய மேய வுடறீங்களா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பிறகு, பிள்ளை அடங்கிவிட்டாள் என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன். வெட்கமாக இருக்கிறது. நேரில் சொல்ல வாய் வரவில்லை.

ரோஷன் பீவி ஜாக்கெட் கேட்டு வந்தால், இன்னும் முடியவில்லை என்று சொல்லுங்கள். வெளியே போனால் சாவியை வசந்தாவிடம் கொடுங்கள்.

சபூரா

மறந்துவிட்டேன்: கடலில் கால் நனைக்கலாமா என்று இப்போதே மூன்று தரம் கேட்டுவிட்டாள். முன்பெல்லாம் கேட்கவே மாட்டாள், ஓடிப்போய் இறங்கிவிடுவாள்.