இருபத்தாறு மாத விரிசல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் எஞ்சினும் முனகாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கப்பலிலிருந்து நீங்கள் பேசும்போது "ஹலோ, கேக்குதா" என்பதிலேயே முக்கால்வாசி நேரம் தீர்ந்துவிடுகிறது. இது அரைகுறையாகச் சொல்கிற விஷயம் இல்லை. அடுத்த துறைமுகத்தில் தபால் கைக்கு வரும் என்றீர்களே, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாப்பாவின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஆரம்பித்துவிட்டோம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிறவள் நான். இந்த விண்ணப்பத்துக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை திணறிப்போனேன். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயரில் ஒரு ஒற்று இருக்கிறது, பள்ளிச் சான்றிதழில் அது இல்லை. போட்டோ பெரிதாக இருக்கிறது என்கிறது கம்ப்யூட்டர், சின்னதாக்கினால் மங்கல் என்கிறது. "பெற்றோர் இருவரும் ஒரே முகவரியில் வசிக்கிறார்களா" என்று ஒரு கேள்வி. அவளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் "ஆம்" என்றே குறித்தாள்.

என்ன படிப்பு என்பதில் எங்களுக்குள் சின்னச் சண்டை. மருந்தாளர் படிப்பு என்றால் எங்கள் மருத்துவமனையிலேயே வேலை கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவளோ மண், அஸ்திவாரம், கட்டடம் என்கிறாள். "மண்ணைப் படிக்க எதுக்குடி நாலு வருஷம்?" என்றேன். "நாலு பத்தாதும்மா" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

இனிதான் விஷயம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: பாடத்துக்கு வெளியே, யாரும் சொல்லாமல், நீங்களாகவே செய்த ஒரு வேலையைப் பற்றி ஐந்நூறு சொற்களில் எழுதவும். எட்டாம் வகுப்பில் வாங்கிய பேச்சுப்போட்டிக் கோப்பையை எழுதச் சொன்னேன். "அம்மா, அது நீ எழுதிக் குடுத்த பேச்சு" என்றாள். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. பதினேழு வருடம் கூடவே இருக்கிறேன், என் பெண் தானாகச் செய்த ஒரு காரியம் சொல் என்றால் எனக்குத் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வாயேன், ஒண்ணு காட்டணும்" என்று எழுந்தாள்.

நம் கிழக்குப் பக்கப் படிக்கட்டில், முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே திரும்புகிற இடத்தில் நிறுத்தினாள். சுவரில் ஒரு விரிசல். தலைமுடி கனம்தான் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் பென்சிலில் ஊசிமுனைப் புள்ளிகள். கீழே எறும்பு எழுத்தில் தேதிகள். ஒன்று இரண்டு இல்லை, வரிசை வரிசையாக. பதினொரு வருடமாக நாளைக்கு நாலு முறை அந்த இடத்தைக் கடக்கிறேன். கையில் பையும் மனதில் சமையலுமாகக் கடந்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் அந்தச் சுவரைப் பார்த்ததில்லை.

ஒரு நாள் சாவியை மறந்துவிட்டு எனக்காகப் படியில் காத்திருந்தபோது சும்மா இரண்டு புள்ளி வைத்தாளாம். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அடுத்த வாரம் பார்த்தால் புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் மாறியிருக்கிற மாதிரி தோன்றியதாம். பள்ளிச் சோதனைக்கூடத்தில் வெர்னியர் என்று ஓர் அளவுக்கருவி இருக்கிறது. இயற்பியல் ஆசிரியையிடம் அதைக் கேட்டு வாங்கிவந்து, அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு காலையும் அளந்திருக்கிறாள். இருபத்தாறு மாதம். காய்ச்சல் வந்த வாரம்கூட விடவில்லை. அவள் படிக்கட்டில் நிற்பதைப் பார்த்து, போனில் சிக்னல் பிடிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டைப் பிரித்துக் காட்டினாள். "வெயில் காலத்துல விரியுது, மழை காலத்துல மூடுது. மூச்சு விடற மாதிரி. மொதல் வருஷம் பூரா அப்படித்தான். மண்ணு காயும், ஊறும், அது சகஜம். ஆனா இந்த வருஷம் மழை பெஞ்சும் மூடலம்மா. விரிஞ்சுக்கிட்டே போகுது." விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். சுவர் அசைந்தால் அது உடையுமாம். போன மாதம் உடைந்துவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பயத்தினால் இல்லை, பயம் அப்புறம்தான் வந்தது. இத்தனை பொறுமையை இவள் எங்கே வாங்கினாள்? உங்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. நாம் இருவரும் சேர்ந்து ஒரு மீன் தொட்டியைக்கூட மூன்று மாதம் பார்த்துக்கொண்டதில்லை.

பிறகு அவளே கேட்டாள். "இதை எழுதினா நல்ல கட்டுரை ஆகும். ஆனா இங்க குடியிருக்கறவங்களுக்குச் சொல்லாம மொதல்ல யூனிவர்சிட்டிக்குச் சொன்னா, அது நியாயமாம்மா?" இல்லை என்றேன். கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாளைக்கு நம் குடியிருப்புச் சங்கத்து நோட்டீஸ் மாமாவைப் பார்க்கப் போகிறோம்.

இப்படிக்கு,
பதிலுக்காகக் காத்திருக்க நேரமில்லாத உங்கள் மனைவி


பாப்பாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தின் முகவரியைப் பார்த்துப் பதற வேண்டாம். இருவரும் பத்திரமாக இருக்கிறோம். இருக்கிற இடம்தான் பள்ளிக்கூட மண்டபம்.

நோட்டீஸ் மாமாவை உங்களுக்கு நினைவிருக்கும். குடியிருப்போர் சங்கச் செயலாளர். "படியில் செருப்பு விடாதீர்" முதல் "பூனைக்குச் சோறு வைக்காதீர்" வரை ஒட்டுகிறவர். பாப்பா வரைந்த கோட்டுப்படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இதெல்லாம் பூச்சு வெடிப்பும்மா. பெயிண்ட் அடிச்சா போயிடும். பரீட்சைக்குப் படிக்கற வழியைப் பாரு" என்றார். நான் கொதித்துப்போனேன். அவள் படத்தை நேராகத் திருப்பி அவர் மேஜையில் வைத்துவிட்டு, "உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா" என்று எழுந்துவந்தாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு நகராட்சிக் கட்டடப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். மூன்று ஜன்னல் மாறி ஒரு பெண் பொறியாளரிடம் வந்து சேர்ந்தோம். அவர் செருப்பெல்லாம் சிமெண்ட் தூசி. நின்றபடியே நோட்டை வாங்கியவர் நாலைந்து பக்கம் புரட்டியதும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "யாரு சொல்லி இதை அளந்தே?" என்று கேட்டார். "யாரும் சொல்லல மேடம். தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு" என்றாள். அவர் நோட்டை மூடினார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களோடேயே கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் கிழக்கு மூலையில் குழி தோண்டினார்கள். பூமிக்கு அடியில் போகும் பெரிய தண்ணீர்க்குழாய் எப்போதோ உடைந்து, சத்தமில்லாமல் மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. அஸ்திவாரத்துக்குக் கீழே வெறும் பொந்து. நம் சாப்பாட்டு மேஜையை நாற்காலிகளோடு அதற்குள் இறக்கி வைக்கலாம். நானும் எட்டிப் பார்த்தேன். அதற்கு நேர் மேலேதான் இத்தனை நாளும் நாம் தூங்கியிருக்கிறோம். "இன்னொரு பெரிய மழையைத் தாங்கியிருக்காது" என்றார் பொறியாளர். கிழக்குப் பக்கத்துப் பன்னிரண்டு வீடும் பொழுது சாய்வதற்குள் காலியாக வேண்டும் என்று உத்தரவு.

நோட்டீஸ் மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். மூன்றாம் மாடியில் படுத்த படுக்கையாக இருக்கும் தையல்காரரை நாற்காலியோடு தூக்கிவந்த நாலு பேரில் ஒருவர் அவர். எல்லோரும் இறங்கிய பிறகு படிக்கட்டு வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். அவர் வாழ்நாளில் ஒட்டியதிலேயே சின்னது அதுதான்: "அந்தப் பெண் சொன்னது சரி. நான் சொன்னது தவறு."

ஆனால் அன்று கீழே நின்றிருந்த கூட்டத்தை மறக்கவே மாட்டேன். தலையணையும் சூட்கேஸுமாக நாற்பத்தேழு பேர். கைக்குழந்தைகள் மட்டும் மூன்று. தையல்காரரின் மனைவி பாப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். எனக்கு அவள் அருகில் போகவே கூச்சமாக இருந்தது. நான் பெற்றவள்தான், நான் தலை வாரிவிடுகிறவள்தான். ஆனாலும் வேறு யாரோ பெரிய மனுஷி நிற்கிற மாதிரி தள்ளியே நின்றேன்.

மண்டபத்தில் எங்கள் சலவைக்கூடத்திலிருந்து கொண்டுவந்த விரிப்புகளைப் போட்டு ஆளுக்கொரு மூலை பிடித்திருக்கிறோம். அங்கேதான் துணி மூட்டை மேல் உட்கார்ந்து கட்டுரை எழுதினாள். என்னிடம் படிக்கக் கொடுத்தாள். பெருமையடித்து ஒரு வரி இல்லை. புள்ளி, தேதி, அளவு, கண்ணாடி, குழி என்று நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாள். கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: "இருபதாம் மாதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று மேலும் ஆறு மாதம் உறுதி தேடினேன். அந்த ஆறு மாதத்தில் சுவர் விழுந்திருந்தால், என் அளவுகள் எல்லாம் சரியாக இருந்திருக்கும், நான் செய்தது தவறாக இருந்திருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வரிகளை எடுத்துவிடச் சொன்னேன். நாற்பத்தேழு பேரைக் காப்பாற்றிவிட்டு, தன் மேல் தானே குற்றம் எழுதிக் கொடுப்பார்களா? இடம் கிடைக்காமல் போனால்? எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "நடந்தது அதுதானேம்மா" என்றாள், அவ்வளவுதான். கடைசி நாள் மாலை நாலு மணிக்கு, பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் அந்த வரிகளோடேயே விண்ணப்பம் போனது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


பாப்பாவின் அப்பாவுக்கு,

வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். குழாயை மாற்றி, பொந்தில் கான்கிரீட் ஊற்றி, தூண்களுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பொறியாளர் அம்மா பாப்பாவின் நோட்டை நகல் எடுத்து அலுவலகக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

நேர்முகத் தேர்வுக்கு இருவருமாகப் போனோம். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, நானும் எழுந்து சாத்தவில்லை. உள்ளே மூன்று பேர். மண்ணைப் பற்றி ஏதேதோ கேட்டார்கள், அவளும் ஏதேதோ சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் அவர்கள் வாத்தியார் மாதிரி கேட்கவில்லை, அவள் பிள்ளை மாதிரி சொல்லவில்லை. ஒரே வேலை செய்கிறவர்கள் டீக்கடையில் பேசிக்கொள்வார்களே, அப்படி இருந்தது. தெரியாததைத் "தெரியாது சார்" என்றாள். அதைச் சொல்ல அவள் வெட்கப்படவே இல்லை.

கடைசியில் அவர்களில் மூத்தவர் கேட்டார். "கட்டுரையோட கடைசி வரிகளைப் படிச்சேன். இதே மாதிரி இன்னொரு தடவை நடந்தா, எத்தனை மாசம் காத்திருப்பீங்க?"

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கே சொல்லிடுவேன் சார். சொல்லிட்டு, அப்புறம் அளப்பேன். சிரிக்கறவங்க சிரிக்கட்டும்."

வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அப்போது மட்டும் பழைய பாப்பா மாதிரி இருந்தாள்.

முடிவு வந்த நேரத்தில் நான் வேலையில் இருந்தேன். சலவைக்கூடத்துக்கே ஓடிவந்துவிட்டாள். இயந்திரச் சத்தத்தில் அவள் கத்தியது கேட்கவில்லை. தேய்ப்பறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினாள். நான் முழித்தேன். அவள் பக்கம் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. எனக்கு நேராகத் தெரியும்படி எழுத்தை இடவலமாகத் திருப்பி, விரலால் எழுதினாள்: கிடைச்சிடுச்சு. மடித்துக்கொண்டிருந்த விரிப்பின் மறு நுனியைப் பிடித்திருந்த, கூட வேலை செய்கிறவள் அப்படியே விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு எண்ணூறு விரிப்பும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் கிளம்பும்போது அவள் உங்கள் நெஞ்சு உயரம் இருந்தாள். இப்போது பரண் மேலிருக்கும் பெட்டியை எனக்கு எடுத்துக் கொடுப்பது அவள்தான். உங்களிடம் போனில் "நல்லா இருக்கேன்பா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாளே, அது கோபம் இல்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நேரில் பார்த்தால் ஆரம்பித்துவிடுவாள்.

ஒப்பந்தத்தை இரண்டு முறை நீட்டினீர்கள். இரண்டு முறையும் நான் ஒன்றும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

விடுதியில் சேர்க்க ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். அதில் தாய், தகப்பன் இருவர் கையெழுத்தும் வேண்டும். நான் போட்டுவிட்டேன். தகப்பனார் கையெழுத்தைத் தபாலில் வாங்கி அனுப்பினாலும் சரியாம், நேரில் வந்து போட்டாலும் சரியாம். அலுவலகத்தில் கேட்டு வைத்தேன். அவள் கிளம்ப இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது.

படிவத்தை இந்தக் கடிதத்தோடு வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அது இங்கே மேஜை மேலேயே இருக்கிறது, பக்கத்தில் பேனாவும் இருக்கிறது.

கடல் உங்களுக்கு அமைதியாக இருக்கட்டும். காற்று இந்தப் பக்கமாக அடிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி