கீலில் சிக்கிய மணத்தேர்

வழி செழிக்க! வழியே வரும் வளம் செழிக்க! தாழைநாட்டின் மலையும் துறையும் ஒரு குடைக்கீழ் ஆளும் மாதேவி அருங்கோதையாரின் திருவடி நிழலில் நெடுங்காலம் சாலைகளைப் பேணும் பெருவழி நாயகமாக விளங்கி, சென்ற பங்குனியில் மாலை மரியாதையோடு ஓய்வுபெற்று, இந்த ஐப்பசியில் மாலையும் இல்லாமல் மரியாதையும் இல்லாமல் அவசரமாகத் திரும்ப அழைக்கப்பட்ட வேட்டன் கொற்றனார், வாயில்மூதூர்ப் பெருவணிகப் பேட்டையில் வண்டி நிறுத்தும் உப்பு வணிகர், கூல வணிகர், எண்ணெய் வணிகர், வண்டியோட்டிகள், சுமைகூலிகள் யாவர்க்கும் விடுக்கும் ஓலை. உங்கள் காளைகளுக்குக் கொழுமையும், அச்சுகளுக்கு உறுதியும், பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் உண்டாகுக. பேட்டைத் தலைவர், வணிகர்க்குரிய எட்டிப் பட்டம் பெற்ற பொன்னந்தையாருக்கும் நலம் உண்டாகுக. சற்றுத் தாமதமாக உண்டாகுக.

இவ்வோலை பேட்டையின் நடுவே முரசறைந்து உரக்க வாசிக்கப்படுவதாக. வாசித்து முடியும்வரை எட்டியார் எழுந்து நிற்பாராக. மழை பெய்தால் அவர் குடை பிடித்துக்கொள்ளத் தடையில்லை. குடை பிடிக்க ஆள் வைத்துக்கொள்ளத் தடையுண்டு.

பொருள் இது. தம் ஒரே மகள் நல்லினியின் திருமணம் நெருங்கிவிட்டதென்றும், மணமகள் மணமகன் ஊரான முத்துறைக்கு ஏறிச் செல்லவேண்டிய தந்தத்தேர் பேட்டைத் தளத்தில் ஊற்றிய கருங்கீலில் சிக்கிக் கிடக்கிறதென்றும், மற்ற வண்டிகள் எப்படியும் போகட்டும், அதனை முதலில் மீட்டுத் தரவேண்டுமென்றும் எட்டியார் அரண்மனைக்கு விண்ணப்பித்திருக்கிறார். மாதேவியார் அதைப் படித்து, சிரித்து, தீர்ப்பைக் கொற்றனாரிடமே விட்டுவிட்டார். தேர் எப்படிச் சிக்கியது என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆயினும் அதை இன்னொரு முறை சொல்வதில் கொற்றனாருக்கு அலுப்பே கிடையாது.

பேட்டை வெறுமையாகக் கிடந்தால் திருமகள் மூட்டை கட்டிவிடுவாள் என்பது நம் வணிகர் நம்பிக்கை. ஆகவே பழுது பார்க்கவென்று பேட்டையை ஒருநாளும் மூட முடியாது. கொற்றனார் அதற்கொரு வழி வைத்திருந்தார். புரட்டாசியின் கடைசி வெயில் காயும்போது, தளத்தில் வெறுங்காலை வைத்தால் ஆள் துள்ளுகிற பொழுதில், வண்டிகளையெல்லாம் ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளுவார். ஒழிந்த பக்கத்தின் விரிசல்களைக் கூட்டி, ஈரம் போகக் காயவைத்து, மரக்கலங்களின் மூட்டுகளுக்குப் பூசும் கருங்கீலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, சல்லி கொட்டி இடித்து, இறுகிய பிறகு வண்டிகளை அதன்மேல் கொண்டுவந்து மறுபக்கத்தைத் தொடங்குவார். வண்டியோட்டிகள் திட்டுவார்கள். அவரும் திட்டுவார். மழை வரும்போது பேட்டை யானைத்தோல் போல இருக்கும்.

ஓய்வுபெற்ற மனிதருக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும், கொற்றனாருக்குத் தெரியவில்லை. இந்தப் புரட்டாசியில் வெயில் சாயத் தொடங்கியதும் அவர் வலியப் போய், தளம் வெடித்திருக்கிறது, சூடு ஆறுவதற்குள் கீல் ஊற்றிவிடும் என்று எட்டியாரிடம் சொன்னார். எட்டியார் அப்போது வணிகர் அவையில் வீற்றிருந்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே இங்கே எழுதுகிறோம்:

"ஓய் பெரியவரே, உமக்குப் பதவி போய்விட்டது, குழி மட்டும் கூடவே வந்துவிட்டதா? பொழுது போகவில்லையென்றால் பேரனுக்குக் காது குத்தும். என் பேட்டையைக் குத்தாதேயும்."

அவை சிரித்தது. வண்டியோட்டிகளே, நீங்களும் சிரித்தீர்கள். யார் யார் என்பது கொற்றனாருக்குத் தெரியும், இப்போதைக்கு மன்னித்திருக்கிறார். சிரிப்பு அடங்குமுன் எட்டியார் ஒரு பட்டுமெத்தையை வரவழைத்து, "இதில் சாய்ந்து வேடிக்கை பாரும் காணும்" என்று பரிசளித்தார்.

கொற்றனார் சொன்ன சொல்லைத் தட்டாத மனிதர். பேட்டைக்கு எதிரேயுள்ள தம் வீட்டு மேல்மாடத்தில் அந்த மெத்தையைப் போட்டுச் சாய்ந்து, வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். ஆகா, என்ன வேடிக்கை! முதல் தூறலிலேயே விரிசல்கள் வாய் பிளந்தன. வடக்குவாயில் குழியில் தவளைகள் குடியேறி, அரசு அமைத்து, இளவரசனுக்குப் பட்டமும் கட்டிவிட்டன. எண்ணெய் வணிகர் ஒருவரின் எருமை நடுக்குழியில் இறங்கியது. அது மறுநாள் முத்துறைக் கடலில் கரையேறியதாகப் பேச்சு. புளிமூட்டை ஏற்றிய வண்டி ஒன்று கவிழ்ந்து, அந்தக் குழிநீரில் மிளகு மட்டும் போட்டால் ஊருக்கே ரசம் என்ற நிலை வந்தது. கொற்றனாரின் மனைவி, "அடுத்தவன் வண்டி கவிழ்ந்தால் கைதட்டுகிறீர்களே, வயசுக்கு அழகா?" என்று கேட்டார். அழகில்லைதான். ஆனாலும் கை நிற்கவில்லை.

அந்நிலையில்தான் எட்டியார் விழித்துக்கொண்டார். முத்துறைச் சம்பந்தியார் மணமகளை அழைத்துச் செல்லப் பேட்டை வழியாகத்தான் வரவேண்டும். பெண்வீட்டின் பெருமையைக் காட்டத் தந்தத்தேரை வேறு பேட்டையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. குழிக்கு நடுவே தேர் நின்றால் சம்பந்தி என்ன நினைப்பார்? உடனே எல்லாக் குழிகளையும் ஒரே மூச்சில் அடைக்கும்படி ஆணை பிறந்தது.

வேலைக்காரர் தலைவன் மூக்கன், "வண்டியையெல்லாம் எங்கே தள்ளுறது, சாமி? பாதிப் பாதியா செஞ்சா நாளாகுமே" என்று கேட்டான். எட்டியார் யோசித்தார். பேட்டையைக் காலி செய்தால் திருமகள் போய்விடுவாள். பாதிப் பாதியாகச் செய்தால் சம்பந்தி வந்துவிடுவார். இரண்டுக்கும் நடுவே தமக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு வழியைக் கண்டார்: "எதற்குத் தள்ளவேண்டும்? வண்டிகள் நின்றபடி நிற்கட்டும். சுற்றி ஊற்று."

ஊற்றினார்கள். ஈரத்தளத்தில், வெயிலின் வாடையே இல்லாத நாளில், நிற்கும் சக்கரங்களைச் சுற்றிக் கொதிக்கும் கீலைக் குடம் குடமாக ஊற்றினார்கள். குளிர்காற்று அடித்தது, கீல் இறுகியது. ஈரமான குழிகளில் ஊற்றியது அப்பளம்போல் உரிந்து வந்தது. சக்கரங்களில் ஊற்றியது மலைபோல் நின்றது. பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்கவில்லை, பிடிக்கக்கூடாத இடத்தில் பிடித்துக்கொண்டது. விடிந்ததும் காளைகளைப் பூட்டி இழுத்தபோது கூலவண்டி ஒன்றின் மேற்பாதி மட்டும் புறப்பட்டுப் போனது. ஓட்டுகிறவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வெகுதூரம் போய்விட்டாராம். தந்தத்தேரை இழுக்கத் துறைமுகத்து யானை வந்தது. அது ஒருமுறை இழுத்தது. தேரின் கொடி மட்டும் கையோடு வந்தது. யானை அதைக் கீழே வைத்துவிட்டு, எட்டியாரை ஏற இறங்கப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனது. மேல்மாடத்திலிருந்த கொற்றனாருக்குச் சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டு, வைத்தியர் வந்து எண்ணெய் தடவும்படி ஆயிற்று.

அன்று மாலையே எட்டியார் கொட்டுகிற மழையில் அவர் வீட்டுக்கு வந்தார். கொற்றனார் அவரை உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். தம் முழங்கால்வலியைப் பற்றி விரிவாக, வலது முழங்கால் முதலாகவும் இடது முழங்கால் ஈறாகவும் எடுத்துரைத்தார். எட்டியார் குறுக்கிட்டு, "மகள் கல்யாணம், ஐயா" என்றார். கொற்றனார் தம் தோள்வலிக்குப் போனார். அதற்குள் அரண்மனைத் தூதர் வந்து, மழைக்காலம் முடியும்வரை பேட்டையின் முழு அதிகாரமும் கொற்றனாருக்கே என்ற திருமுகத்தை நீட்டினார். கொற்றனார் அதை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கீலைச் சூடுகாட்டித்தான் இளக்க முடியும். மழைக்குப் பந்தல் போட்டு, அடியில் கரித்தணல் வைத்து, சக்கரம் சக்கரமாக விடுவிக்க வேண்டும். எந்த வண்டி முதலில் என்பது கொற்றனார் விருப்பம். தேரைத் தைமாதம்வரை தொடப்போவதில்லை என்றும், மணவினையும் அதுவரை காத்திருக்கட்டும் என்றும் அவர் மனத்துக்குள் தீர்ப்பை எழுதி, இனிக்க இனிக்க மென்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் நல்லினி தனியாக வந்தாள். தகப்பனைப்போல் அழவுமில்லை, குழையவுமில்லை. "தாத்தா, கீல்குடம் சுமந்த உங்கள் பழைய கீல்வண்டி ஓடுமா?" என்று கேட்டாள். ஓடும், ஆனால் நாறும் என்றார். "நாறட்டும். நின்றுபோன தேரைப் பார்த்துக்கொண்டு, இந்த மழைக்காலம் முழுக்க அப்பாவின் புலம்பலைக் கேட்பதைவிட அது மணக்கும். எனக்குக் கல்யாணம்தான் வேண்டும், தேர் வேண்டாம்" என்றாள். போகும்போது வாசலில் நின்று, "அப்பாவை மட்டும் வண்டிக்குள் ஏற்றாதீர்கள். காளையைப் பிடித்துக்கொண்டு நடந்து வரட்டும்" என்றாள். தாம் மென்றுகொண்டிருந்த தீர்ப்பு எவ்வளவு சப்பென்றிருக்கிறது என்று கொற்றனாருக்கு அப்போதுதான் உறைத்தது. பழிவாங்குவதில் தமக்குக் குருவாகத் தகுந்தவள் இந்தப் பெண் என்று எழுந்து நின்று வாழ்த்தினார்.

ஆதலின் மாதேவியார் ஆணையால் விதிப்பதாவது: முதலில் உப்பு வண்டிகளும் கூல வண்டிகளும் மீட்கப்படுக. பந்தலுக்கு ஓலையும் தணலுக்குக் கரியும் எட்டியார் வீட்டிலிருந்து வருக. தந்தத்தேர் இருந்த இடத்திலேயே இருக்க. மழை விட்ட நேரங்களில் வண்டியோட்டிகள் அதன் கூரைவிளிம்புக் கொடுங்கைகளில் கோவணம் உலர்த்திக்கொள்ள உரிமையுண்டு, கோழிகள் அடையவும் தடையில்லை. மணநாளன்று செல்வி நல்லினி, பெருவழிக் கீல்வண்டியில், கீல்குடங்களை இறக்கிவிட்டு மல்லிகை கட்டிய அதே வண்டியில், பேட்டை வழியே முத்துறைக்குப் புறப்படுவாள். எட்டி பொன்னந்தையார் மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்து, எட்டிப் பட்டத்தின் பொற்பூவைத் தலையில் சூடி, எதிர்ப்படும் சம்பந்தியார் ஒவ்வொருவர்க்கும் இது யாருடைய வண்டியென்று தம் வாயால் பெயர் சொல்லி அறிவித்தபடி, முத்துறை எல்லைவரை நடந்து செல்லக் கடவர். மணமகளுக்கு ஒரு குலுங்கலும் நேரக்கூடாது; நேர்ந்தால் வந்த வழியே திரும்பி, மறுபடி தொடங்கி நடக்கக் கடவர்.

நாடு நனைக, களஞ்சியம் நனையாதிருக்க. கொற்றனார் சொல்ல, ஓலைநாயகம் இளநாகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியது. அரசாணைக்குரிய மீன்முத்திரை இதன் அடியில் இடப்பட்டுள்ளது. வழக்கமான அரக்கு மழையில் நனைந்துவிட்டதால், முத்திரை கருங்கீலில் இடப்பட்டிருக்கிறது. பிய்த்தெறிய விரும்புகிறவர் முயன்று பார்க்கலாம்.