வாலு ஏன் துப்புகிறாள்

என்னங்க,

லீவு நாளில் உங்களை எழுப்ப மனசில்லை, அப்படியே வேலைக்குக் கிளம்புகிறேன். வாலுவும் உங்கள் பக்கத்தில் மறுபடி தூங்கிவிட்டாள். பத்து நாளாக ஒவ்வொரு வாய் சாப்பாட்டையும் டம்ளரில் துப்புகிறாளே, ஏனென்று கண்டுபிடித்துவிட்டேன்!

விடிந்ததும் கஞ்சியை சர்ரென்று உறிஞ்சினாள், கண்ணை மூடினாள், துப்பினாள். அப்புறம் அச்சு அசல் உங்களை மாதிரியே தலையை ஆட்டி, "பாஸ். அடுத்தத கொண்டாங்க" என்றாள். அன்றைக்கு உங்கள் டீ கம்பெனிக்கு அழைத்துப் போய், நாற்பது கோப்பையை ருசி பார்த்துத் துப்பிக் காட்டினீர்களே, அதன் பலன்!

சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் அரைக் கிலோ இளைத்திருக்கிறாள். நாலு மணிக்கு டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். மதியம் அவள் எதிரில் உட்கார்ந்து நீங்கள் முதலில் விழுங்குங்கள். "துப்புறது ஆபீஸ்ல, வீட்டுல முழுங்கணும்" என்று நீங்கள் சொன்னால்தான் கேட்பாள்.

சாவி செருப்பு அலமாரி மேல்.

"உன் காரம்தான் காரணம்" என்று நேற்று நீங்கள் கத்தியதை நான் மறக்கவில்லை.

பி.கு.: அவளிடமே விசாரித்தேன். என் சமையல் எல்லாம் பாஸாம். நேற்று நீங்கள் கலந்த பால் மட்டும் ஃபெயில். "அப்பா பாவம், அதான் முழுங்கிட்டேன்" என்கிறாள்.