மூடிய குப்பைமேட்டுக்கு நான் போட்ட சைபர்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய்தான் குறையவில்லை, டாக்டருக்கே வைத்தியம் சொல்லிவிட்டு வருகிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ போன தடவை அனுப்பிய படத்தில் கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கிறது.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். என் ஆபீஸ் வேலை உனக்குத் தெரியும், மாநிலம் முழுக்க எங்கிருந்து எவ்வளவு புகையும் வாயுவும் காற்றில் கலக்கிறது என்று வருஷாவருஷம் அரசுக்குக் கணக்கெடுப்பது. புகைக்குக் கணக்குப்பிள்ளை என்று கேலி செய்வாயே, அதேதான். ஆலைகளும் குப்பைமேடுகளும் அனுப்புகிற தாளைப் பார்த்து நிரப்புவோம், நேரில் போவது அபூர்வம். ஊர்க்கோடிக் குப்பைமேட்டை மூடி மண் போட்டதும் அங்கிருந்து தாள் வருவது நின்றது. தாள் வராவிட்டால் சைபர் போடுவது எங்கள் வழக்கம், ஏழு வருஷமாக நானும் கை கூசாமல் போட்டேன். புதைத்த குப்பை உள்ளே அழுகி இருபது முப்பது வருஷம் தீப்பற்றுகிற வாயு விடும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவளும் நான்தான்.

அந்த மேட்டைச் சமப்படுத்திப் போட்ட மனையில்தான் உன் அக்கா வீடு கட்டியிருக்கிறாள். போன வாரம் மழை விட்டதும் போயிருந்தேன். பின்பக்கம் தேங்கிய தண்ணீரில் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது, உலை கொதிக்கிற மாதிரி. குழந்தை குச்சியால் குத்திக் குத்திச் சிரித்தது. அக்கா உள்ளே அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள், நான் கத்தியே விட்டேன். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தக் குமிழ்தான், ஆபீஸில் காலிக் கட்டத்தைப் பார்த்தாலும் அதுதான். பயமாக இருக்கிறதடா. தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்து, வாயு அளக்க ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை இங்கே வந்து இரு என்றால் அக்கா சிரிக்கிறாள். மனை வாங்குமுன் உன் ஆபீஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றுமே இல்லை, தைரியமாக வாங்கு என்று நீதானேம்மா சொன்னாய் என்கிறாள்.

இதைப் படித்த கையோடு அவளுக்குப் போன் போடு. நீ கெஞ்சினால் மனசு இளகுவாள். ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்றே கிளம்பச் சொல். அம்மா சொன்னாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அம்மா சொன்னதை நம்பித்தான் அங்கே குடிபோனாள்.

நோய்நொடி அண்டாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்கணும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா